கேத்தலில் இறால்

பாதைக்காரர் கேட்டார்,
"எங்ககா ரெண்டு பேரும், சனிக்கிழமையும் அதுவுமா?"
ஆஸ்பத்திரியா, கோயிலா, சீலை எடுக்கவா?
"சாப்பிட" என்றாள் வதனி.
பகிடி என்று நினைத்து அவர் சிரித்தார்.
மண்டூர் பின்னால் போனது.
நாங்கள் சிரிக்கவில்லை.

சீட்டுக் காசில் ஐயாயிரம்,
வீட்டுக்குத் தெரியாதது.
அறைக்கு இரண்டாயிரம், போகவர அறுநூறு,
மிச்சத்தை மகனின் பழைய கொப்பியில்
எழுதிக்கொண்டே வந்தாள்.
களுவாஞ்சிகுடியில் பஸ் துள்ளியதில்
இரண்டாயிரத்து நானூறு
இரண்டாயிரத்து நாற்பதாகிவிட்டது.
ஆரையம்பதி வரைக்கும் முந்நூற்று அறுபது ரூபாவைத் தேடினோம்.

மட்டக்களப்பில் படம் போட்ட கடைகளை எல்லாம்
படம் பார்த்துக்கொண்டே கடந்தோம்.
ஓட்டோக்காரர் எங்கே வரிசையில் நின்று கை கழுவுகிறார்களோ
அங்கே போய் இருந்தோம்.
முந்நூற்றைம்பதுக்குச் சோறு, பருப்பு,
கத்தரிக்காய்ப் பால்கறி, ஒரு துண்டு மீன்.
மீன் கேட்டால் காசு. குழம்பு கேட்டால் சும்மா.
நாலாம் தரம் நான் கேட்டபோது
பொடியன் வாளியையே வைத்துவிட்டுப் போனான்.

சந்தைக்கு ஐந்தரைக்குப் பிறகுதான் போகவேண்டும்.
காலையில் ராசாவாய் இருந்த இறால்
ஐஸ் கரையக் கரைய நம்மோடு பேசத் தொடங்கும்.
விலை கேட்டு வதனி மூன்று அடி நடந்தாள்,
நாலாவது அடி வைக்க அவர் விடவில்லை.
அரைக் கிலோ, அறுநூறு.
பையை வாங்கிக்கொண்டு பாலத்துக் கிட்ட வந்த பிறகுதான்
இருவரும் ஒன்றாக நின்றோம்:
அடுப்பு?

அறைக் கதவின் உட்பக்கம்
"சமைக்கக் கூடாது" என்று சிவப்பில் எழுதியிருந்தது.
மேசையில் ஒரு கேத்தல்.
"இது சமையல் இல்லையடி, சுடுதண்ணி."
உப்பு, மஞ்சள், மிளகு,
கதவுப் பூட்டால் நசுக்கிய உள்ளி.
மூடி மூடவில்லை, கையால் அமத்திப் பிடித்தோம்.
இறால் சிவக்கத் தொடங்கிய நேரம்
மாடி முழுக்க இருண்டது.

ரோச் லைற்றோடு றொசாறியோ ஏறி வந்தார்.
கதவடியில் நின்று மூக்கை உயர்த்தினார்.
"என்ன மணக்குது?"
"முகத்துக்குப் பூசுற மஞ்சள்."
"உள்ளியும் பூசுவீங்களோ?"
தண்டம் இருநூறு என்றார்.
"இறாலா எடுப்பீங்களா?" என்றாள் வதனி.
வெளிச்சத்தைக் கேத்தலுக்குள் அடித்துப் பார்த்தார்,
நின்ற நிலையில் ஆறு தின்றார்,
கோதுகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு
பியூஸ் போடக் கீழே போனார்.

கட்டிலில் பேப்பர் விரித்தோம்.
றோஸ் பாண், அரைத் தேசிக்காய்.
யன்னலுக்கு வெளியே கல்லடிப் பாலத்து விளக்குகள்
தண்ணீரில் நீண்டு கிடந்தன.
வீட்டில் நான் இறால் எண்ணித்தான் பொரிப்பது,
அவருக்கு ஆறு, பிள்ளைகளுக்கு நாலு நாலு.
அந்த எண்ணிக்கையில் நான் எங்கும் வருவதில்லை,
தலைகளைச் சொதிக்குள் போட்டுச் சொதியைக் குடிப்பேன்.
இங்கே யாரும் எண்ணவில்லை.
சுடச்சுட உரித்ததில் விரல் நுனி எரிந்தது.
வதனி ஒன்றுமே பேசாமல் தின்றாள்.
அவள் பேசாமல் இருந்து நான் கண்டது
அவளின் பிரசவத்தன்றும் இன்றும்தான்,
பிரசவத்தன்றும் கொஞ்சம் பேசினாள்.

காலையில் கேத்தலைத் தேசிக்காய்த் தோலோடு
மூன்று தரம் கொதிக்க வைத்தோம்.
நாலாவது தண்ணீரில் தேத்தண்ணி.
அதிலும் இறால் நீந்தியது.
இனி அந்த அறைக்கு வரப்போகிறவரை நினைத்து
வயிறு நோகச் சிரித்தோம்.

இருபது இடியப்பம், சம்பல், சொதி, முந்நூறு.
வெயில் ஏறியதும் இரண்டு கோப்பைத் தயிர்,
பாணி அவர் ஊற்றியது போதாதென்று பார்வையாலேயே
இன்னொரு கரண்டி வாங்கினாள்.

திரும்பும் பாதையில் கொப்பியைத் திறந்து
மிச்சம் நூறு என்று எழுதி
கீழே இரண்டு கோடு போட்டாள்.
கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்திருந்துவிட்டு
கோட்டுக்குக் கீழே
அடுத்த சீட்டு மாதத்தை எழுதினாள்.
பக்கத்தில் ஒரு கேள்வி:
நண்டு கேத்தலுக்குள் போகுமா?