மேல் மா காணோம்

வியாழன் மாலை ஆறரைக்கு
ஆமர் வீதி அச்சுக்கூடத்துத் தரையில்
மை காயாத பதாகையை விரித்தான் ருவந்த.
இருபத்தைந்து அடி.
மேலே சிங்களம், பிழையில்லை.
கீழே ஆங்கிலம், அதிலும் இல்லை.
நடுவில் நாங்கள்:

மேல் மா காணோம்
நாற்பதாவது ஆண்டு நிறைவு விழா

செருப்பைக் கழற்றிவிட்டு
எழுத்தின்மேலேயே நடந்துபோய்க் குனிந்து பார்த்தேன்.
காணோம்தான்.
எழுத்துரு மாறும்போது எங்கிருந்தோ
ஓர் இரட்டைக் கொம்பும் ஒரு காலும் வந்து
ணகரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு
மாகாணத்தை நடுவால் உடைத்திருந்தன.

‘அக்கே, வெரதித?’ என்றான்.
எப்படிச் சொல்வது?
‘பிட்டி நே’ என்றேன்.
அவன் பதாகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தான்.
அந்த வருஷம் அவனும்
ஏதோவொரு வரிசையில் நின்றவன்தானே.

நான் மொழிபெயர்ப்பு உத்தியோகத்தர், தரம் மூன்று.
பதினொரு வருஷமாக இந்த மாகாணத்தை
ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கி வைக்கிறேன்:
முச்சக்கர வண்டிப் பதிவு,
நாய்களுக்குத் தடுப்பூசி போடும் தேதி,
குப்பையைத் தரம் பிரிக்கும் முறை,
இவ்வழி செல்லத் தடை.

பிரதிச் செயலாளர் திருமதி ஹபுஆராச்சி
தொலைபேசியில் அன்பாகவே கேட்டார்:
‘தமிழைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டால்
பிழை தெரியாதுதானே, மகள்?’
தெரியும் மேடம், என்றேன்.
சின்னதாகத் தெரியும்.

நாற்பது யாருக்கு என்பதும் ஒரு கேள்விதான்.
மண்ணுக்கு இல்லை. களனி கங்கைக்கு இல்லை.
மாகாணம் என்று கோடு கீறியவன் கப்பலேறி
எத்தனையோ காலம்.
சபைக்குத்தான் நாற்பது.
சபையில் இப்போது ஆளில்லை.
கதிரைகளுக்கு வெள்ளை உறை போட்டிருக்கிறார்கள்,
மாதம் ஒருமுறை கழற்றித் துவைத்து
மறுபடி போடுகிறார்கள்.
நான் பார்த்திருக்கிறேன், நல்ல வெளுப்பு.

இரவு பதினொன்றேகால் வரை
ருவந்தவும் நானும் ணகரத்தோடு மல்லுக்கட்டினோம்.
கடைசியில் படமாக்கித்தான் ஒட்டினோம்,
இனி எந்தக் கொம்பும் முளைக்காதபடி.

சனிக்கிழமை விழா.
களுத்துறையிலிருந்து மேளம், கம்பஹாவிலிருந்து நடனம்,
கொழும்பிலிருந்து பிரமுகர்.
மாகாணத்தின் வடிவிலேயே கேக்,
கடலுக்கு நீல ஐசிங்.
நீர்கொழும்புக் களப்பில் கத்தி இறங்கியபோது
எல்லோரும் கைதட்டினார்கள்.
பேருவளையை ஒரு பணிப்பாளர் எடுத்தார்.
எனக்கு வந்தது கொழும்பு வடக்கு,
ஐசிங் குறைவு,
ஓரம் கொஞ்சம் தீய்ந்தது.

இரண்டு விளக்குக் கம்பங்களுக்கிடையே
சரியான பதாகை
காற்றில் உப்பி உப்பி அடங்கியது.
யாரும் பார்க்கவில்லை.
சரியாக இருக்கும் எழுத்தை
யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்?
மூன்று மணிக்கு மழை.
உரைகள் மீதியிருந்தன,
கடதாசித் தட்டுகள் ஓடிப்போயின.

அன்றிரவு கொட்டாஞ்சேனைச் சந்தி தாண்டி
ஜெசிந்தா அக்காவின் இடியப்பக் கடையில்
மழைக்கு ஒதுங்கினேன்.
புதுக் கூரை.
இழுத்துக் கட்டிய இருபத்தைந்து அடி,
எழுத்துப் பக்கம் உள்ளே.
ருவந்த இருநூறு ரூபாய்க்குக் கொடுத்தானாம்.

மழை அதன்மேல் நின்று அடித்தது.
கீழே ஆவி.
ஈரக் குடைகளோடு ஒதுங்கிய ஏழெட்டுப் பேர்
அண்ணாந்து, வாய்விட்டு,
ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்கள்.
பதினொரு வருஷத்தில்
நான் பார்த்த வரி எதையும்
யாரும் அப்படி வாசித்து நான் கண்டதில்லை.

‘மேலே காணாட்டி என்ன,
கீழே இருக்கு, வாங்க’ என்று
உரலை அழுத்தினாள் ஜெசிந்தா அக்கா.

பத்து வாங்கினேன், சம்பலோடு.
நாற்பதாவது ஆண்டின் ‘நா’விலிருந்து
ஒரு சொட்டு
சொதிக்குள் விழுந்துகொண்டிருந்தது.
தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.