ஓட்னியின் ‘நான்’

பதினாறு வயதில்
இரண்டு படகும் ஒரு பேருந்தும் மாறி
ட்ரொன்ஹைம் வந்து சேர்ந்தாள் ஓட்னி.
அவள் தீவில் மேல்நிலைப் பள்ளி கிடையாது.
ஒரு பல் மருத்துவர் வீட்டின் நிலவறையில் ஓர் அறை,
ஒற்றை மின்னடுப்பு,
தரைமட்டத்தில் ஒரு சன்னல்.
அதன் வழியே உலகம் என்பது
போகிற வருகிற காலணிகள்.

அவள் தீவில் ‘நான்’ என்பதற்கு ‘இ’.
அவ்வளவுதான், ஓர் உயிரெழுத்து.
நகரத்தில் அதே ‘நான்’
ஆவுக்கும் ஏவுக்கும் நடுவில் எங்கோ
வாயை அகலத் திறந்து சொல்வது.
நார்வேயில் பள்ளத்தாக்குக்கு ஒரு ‘நான்’ உண்டு.
யாரும் அதைத் தப்பென்று சொல்வதில்லை.
சிரிக்க மட்டும் செய்வார்கள்.

முதல் வாரம், புவியியல் வகுப்பு.
‘இ...’ என்று தொடங்கினாள்.
பின்வரிசையில் யாரோ
எண்ணெய் போடாத கதவைப் போல
‘ஈஈஈ’ என்றான்.
பெரிய கொடுமை ஒன்றுமில்லை.
ஆசிரியர்கூடப் பாதி சிரித்துவிட்டார்.

நமக்கென்ன,
வந்தேன், தின்றேன், தூங்கினேன் என்று
வினையின் வாலில் நம்மைச் சுருட்டி வைத்துக்கொள்வோம்.
அவள் மொழியில் அப்படி ஒளிய இடமில்லை.
ஒவ்வொரு வாக்கியத்தின் வாசலிலும்
இன்னார் என்று சொல்லிவிட்டுத்தான்
உள்ளே நுழைய வேண்டும்.

அந்த இலையுதிர்காலம் முழுக்க
வாசல் இல்லாத வாக்கியங்களாகப் பேசினாள்.
குளிருது. பேனா இருக்கா. தெரியல.
அப்புறம்
குளியலறையில், வெந்நீர் இரைச்சலுக்குள்,
வாயை அகலத் திறந்து பழகினாள்.
தண்ணீர் உள்ளே போயிற்று.

வேறு பலவும் பழகினாள்.
பூசணம் பிடித்த ரொட்டியில்
எவ்வளவு வெட்டி எறிந்தால் போதும்,
வாடகை எந்தத் தேதி,
அடைத்துக்கொண்ட குழாயிலிருந்து
இழுக்க இழுக்க வருவது தன் முடிதான்,
அம்மா ஞாயிறன்று கூப்பிட்டால்
அழுத மூக்குக்குப் பெயர் ஜலதோஷம்.
காயா என்றொருத்தியோடு சிநேகம் வந்து
ஒரு காரணமும் சொல்லாமல் போனது.
அப்பா தேதி எழுதிக் கொடுத்தனுப்பிய மீன்
உறைபெட்டியின் அடியில்
தேதி தாண்டிக் கிடந்தது.

இரண்டாம் வருஷக் குளிர்கால விடுமுறை.
சாப்பாட்டு மேசையில்
உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னபோது
வாயில் வந்தது நகரத்து ‘நான்’.
தம்பி சீவெர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.
‘யாரு வந்திருக்காங்க?’
எல்லாரும் சிரித்தார்கள், அவளும்.
அன்றிரவு பழைய கட்டிலில்
கால்கள் வெளியே நீண்டன.

மூன்றாம் வருஷம், செப்டம்பர்.
பெட்டகங்கள் வரிசையாக நிற்கும் நடைவழியில்
வெளித்தீவுப் பையன் ஒருவன்,
புதுப் பை, புதுக் காலணி,
வேதியியல் கூடம் எங்கே என்று கேட்கிறான்.
‘இ எல்லா மாடியும் தேடிட்டேன்.’
முதலில் சிரித்தது ஓட்னி.
மற்றவர்கள் அதற்குப் பிறகுதான்.

அவன் காது சிவந்தது.
அந்தச் சிவப்பு அவளுக்குத் தெரியும்,
உள்ளேயிருந்து தெரியும்.
வெளியே நின்று பார்த்தது அன்றுதான்.
‘இடப்பக்கம், கடைசிக் கதவு’ என்றாள்.
கூட நடந்து போகவில்லை.
மன்னிப்புக் கேட்கவில்லை.
கேட்டுவிடலாம் என்று தோன்றிய நாட்களில்
அவன் வேறு படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தான்.

ஜூனில் வாய்மொழித் தேர்வு.
குலுக்கலில் அவளுக்கு விழுந்தது வரலாறு.
ஓர் அறை, எதிரே இரண்டு பேர், ஒரு தண்ணீர்க் குவளை.
அரைமணி நேரம் பேசினாள்.
பழைய மீன்பிடிச் சட்டம் பற்றிக் கேட்டபோது
கேள்வியே சரியில்லை என்றுகூடச் சொன்னாள்.
வெளியே வந்து
சைக்கிள் நிறுத்தும் கம்பியில் உட்கார்ந்த பிறகுதான்
நினைவு வந்தது:
உள்ளே எந்த ‘நான்’ சொன்னோம்?

எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.
குவளை நினைவிருக்கிறது,
அதன் விளிம்பில் ஒரு சின்னச் சிதறல்.

கைபேசி அடிக்கிறது. அம்மா.
‘எப்படிடீ போச்சு?’
ஓட்னி வாயைத் திறக்கிறாள்,
எது வரப்போகிறதென்று
தானும் கேட்டுக்கொண்டு.