பண்ணு

போர்டில் சோதனைச் சாவடி.
வாயில் எவனுக்கும் செக்போஸ்ட்.
சோதனை என்று சொன்னால்
வீட்டில் யாருக்கோ முடியவில்லை போல இருக்கிறது.

ஓணத்துக்கு மூன்று நாள். மீனாட்சிபுரத்தில்
பால் டேங்கர் பதினேழு, என்னுடையது பதினொன்று.
டயர் செக் பண்ணினேன். வால்வு, சீல், பில்.
மகளுக்குப் போன் போட்டு
கேஸ் மூடியிருக்கிறதா என்று செக் பண்ணச் சொன்னேன்.

இங்கிலீஷ் வினைச்சொல்
சொந்த எஞ்சினில் நம்மூருக்குள் வருவதில்லை.
செக்கினேன் என்றால்
எண்ணெய் ஆட்டினாயா என்பார்கள்.
வெறும் ட்ரெய்லராக வந்து நிற்கும்,
பண்ணு வந்து பின்னாலிருந்து தள்ள வேண்டும்.
தடுப்புக் கட்டையைத் தாண்டினால் தள்ளுகிற ஆள் மாறும்:
'செக் செய்யட்டே' என்றாள் லிஜிமோள்,
சாம்பிளை வாங்கிக்கொண்டு.

குழாய்களுக்குப் பக்கத்தில் பிஎஸ்சி கைடு திறந்திருந்தது.
நேற்றுதான் படித்தாளாம்.
பாரசீகத்தில் ஷா. ராஜா என்று அர்த்தம்.
சதுரங்கத்தில் ராஜாவுக்கு ஆபத்து வந்தால்
ஷா என்று குரல் கொடுப்பார்கள், பார்த்துக்கொள் என்று.
அரபி வாய், பிரெஞ்சு வாய் எல்லாம் சுற்றி
ஷா போய் செக் ஆயிற்று.
கட்டை போட்டு நிறுத்துவதும் அதுதான்,
நிறுத்திப் பார்ப்பதும் அதுதான்,
'சேட்டன்டெ ஷர்ட்டும் அதுதான்' என்றாள்.

குனிந்து பார்த்தேன். நீலமும் வெள்ளையும்.
பாக்கெட் தைத்த இடத்தில் மட்டும்
கட்டம் பொருந்தவில்லை.

வாளையாறு, கோபாலபுரம், வேலந்தாவளம்,
இருபத்திரண்டு வருஷமாக
ராத்திரி ராத்திரி ஒரு ராஜாவைக் கூப்பிட்டிருக்கிறேன்.
வந்ததெல்லாம் டார்ச்சும் காக்கியும்.

டேங்கர் நிழலில் ஆறுச்சாமி
அடுத்த வண்டிக் கிளீனரோடு போனில் செஸ் ஆடுகிறான்.
குதிரையை நகர்த்திவிட்டு
செக் என்றான்.
பண்ணு இல்லை. செய் இல்லை.
தள்ள ஆளில்லாமல் அது நிற்கிற ஒரே இடம்.
நிமிர்ந்தேன்.

ஜன்னலில் அவள் குழாயை வெளிச்சத்தில் பிடித்திருந்தாள்.
பால் ரோஸ் நிறம்.
எவனோ சோடா கலந்திருக்கிறான்,
உடுமலையிலோ அதற்கு முன்னாலோ.
லிஜிமோள் பேசவில்லை. சீட்டை எழுதினாள்,
கைடை மூடி வைத்துவிட்டு.

ஒன்பதாயிரம் லிட்டர்.
முன்னால் கட்டை, பின்னால் ஆறு டேங்கர்.
ஆறுச்சாமி பாடியைத் தட்டுகிறான்,
வாங்க, வாங்க, நில்லுங்க.
ஒரு கட்டம் பின்னால்.
ஒடிக்கிறேன்.
ஒரு கட்டம் பக்கத்தில்.