திருத்திய படிவம்

மஞ்சக்குப்பம் தலைமை அஞ்சலகத்தில்
மூன்றாம் கவுண்டரின் கண்ணாடி ஓட்டை
என் உயரத்துக்குச் சற்றே தாழ்வு.
பத்து மாதம் அதன் முன் குனிந்திருக்கிறேன்
ஒவ்வொரு ஐந்தாம் தேதிக்கும் முன்னால்,
நைட் டியூட்டி முடிந்த கையோடு,
விரலில் ஸ்பிரிட் வாசனை போகாமல்.
நாலாயிரம்.
நிறைமதி பேருக்கு. காப்பாளர்: இளவழுதி.
பணம் கட்டியவர் என்ற இடத்தில்
என் கையெழுத்து.
வீட்டில் சொல்லவில்லை.

பாஸ்புக் ரத்த வங்கியில்
ஓ நெகட்டிவ் பதிவேட்டுக்கு அடியில் இருந்தது.
அதை யாரும் அடிக்கடி எடுப்பதில்லை.

செப்டம்பரில் கஸ்தூரி மேடம் கூப்பிட்டார்.
"அப்பா கணக்கும் பிள்ளை கணக்கும்
சேர்த்துத்தாம்மா ஒன்றரை லட்சம்.
அவர் ஏப்ரல்லயே தன்னோடதுல முழுசா கட்டிட்டார்.
உங்க நாப்பதாயிரம் அப்படியே மிகை.
வட்டி கிடையாது,
போட்ட வட்டியையும் எடுத்தாச்சு."
ஆயிரத்து முன்னூற்று இரண்டு ரூபாய்.
சிவப்பில் இல்லை, சாதாரணக் கறுப்பில்தான்
அச்சாகியிருந்தது அந்தக் கழித்தல்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள்.
நஞ்சாகவெல்லாம் ஆகவில்லை.
காசோலையாகத் திரும்பி வந்தது,
காப்பாளர் பெயரில்.

மூன்று நாள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்,
சோதனைக் குழாய்களிடம், மையச்சுழலியிடம்.
நான்காம் நாள்
"போஸ்ட் ஆபீஸ்ல ஏதோ கணக்குச் சிக்கல்,
மோசஸ் சாரைப் பார்க்கணும்" என்றதோடு நின்றது.
என்ன சிக்கல் என்று அவன் கேட்கவில்லை.
வண்டிச் சாவியை எடுத்தான்.

திருப்பாதிரிப்புலியூரில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல் அவர் அறை.
காற்று தெற்கிலிருந்து திரும்பியதும் சிப்காட் நாற்றம்.
அங்கேயே பதினாறு வருடம் வேலை பார்ப்பதால்
தனக்குத் தெரிவதில்லை என்பான்.
மோசஸ் சார் ஜன்னலைச் சாத்திவிட்டு
ஜூலையில் தாக்கல் செய்த படிவத்தைத் திறந்தார்.
வரிவிலக்கு வருமானப் பட்டியல்.
அவன் கணக்கின் வட்டி ஒரு வரி.
அதற்குக் கீழே, தனியாக,
1,302.

"இத எடுத்துடணும். வரி ஒண்ணும் மாறாது.
ஆனா எழுதிட்டோமே, திருத்தித்தான் ஆகணும்."

நான் அந்த எண்ணையே பார்த்தேன்.
ஜூலையில் அவருக்கு விவரம் கொடுத்தது
நானில்லை.

இளவழுதி மின்விசிறியைப் பார்த்தான்.
பிறகு போனை மேசைமேல் வைத்து
என் பக்கம் தள்ளினான்.
ஜூன் மூன்று, காலை 10.12, ரூ. 4,000.
ஜூலை நான்கு, 9.50.
ஆகஸ்ட்.
ஒன்றைக்கூட அழிக்கவில்லை.

"காப்பாளர் நம்பருக்குத்தானே வரும்."
"ஏன் கேக்கல?"
"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."
கொஞ்சம் கழித்து,
"கேட்டா நிறுத்திடுவியோன்னு."

"காரணம் என்னன்னு குறிச்சுக்கட்டும்?" என்றார் மோசஸ் சார்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.
பிழை என்றேன்.
"பிழைன்னு போடாதீங்க சார்,
கூடுதல்னு போடுங்க" என்றான்.

அவன் போனுக்கு வந்த ஆறு இலக்கங்களை
ஒவ்வொன்றாக வாசித்தான்.
கட்ட வேண்டிய வரி முன்பு எவ்வளவோ
இப்போதும் அவ்வளவே.

கெடிலம் பாலத்தில் காற்று பலமாக அடித்தது.
காசோலை இருந்த சட்டைப் பையை
ஒரு கையால் பொத்திக்கொண்டே ஓட்டினான்.
ரெண்டு கையாலயும் பிடி என்றேன்.
காதில் விழவில்லை,
அல்லது விழுந்தும்
அந்தப் பத்து மாதம் போல
இருந்துவிட்டான்.