கயிறு எங்கே வரும்

காரைக்குடி, செக்காலை ரோட்டில்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே
செவ்வாய், வியாழன், மாலை ஆறரைக்கு
பதினோரு பேருக்கு இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன்.
அன்றைக்குப் பலகையில்
த்ரோ யுவர்செல்ஃப் இன்டு.

எறி. உன்னை. உள்ளே.
பிரித்துப் போட்டால் கொலைக்கேஸ் மாதிரி இருக்கும்,
சேர்த்துப் படித்தால் அர்ப்பணிப்பு என்றேன்.
சிரிப்பார்கள் என்று வைத்திருந்த வரி.
வளையல் கடை மெய்யம்மை மட்டும் சிரித்தாள்.

நம்மிடமும் இருக்கிறதே,
விழுந்து விழுந்து படித்தான்,
விழுந்து விழுந்து கவனித்தாள்.
நாம் விழுகிறோம், அவர்கள் எறிகிறார்கள்.
விழுவது தானாக நடந்துவிடும்,
எறிய ஒரு கை வேண்டும்
என்று நான் விரித்துக்கொண்டே போக,

கடைசி பெஞ்சிலிருந்து
தீயணைப்பு நிலையத்து சேவுகன் எழுந்தார்.
புரமோஷன் பரீட்சைக்காக வருகிறவர்.
உதாரணம் சொல்லட்டுமா சார்?
நேத்து கண்டனூர்ப் பக்கம்
ஐ த்ரூ மைசெல்ஃப் இன்டு த வெல்.
மாடு சார். சினை மாடு.

இப்போது எல்லோரும் சிரித்தார்கள்.
அது நிஜக் கிணறு,
இது வேலையில், படிப்பில், மனசால் குதிப்பது என்றேன்.
யுவர்செல்ஃபை மட்டும் விட்டுவிடாதீர்கள்,
விட்டால் வேறு எதையோ எறிந்ததாகிவிடும்.

அவர் உட்காரவில்லை.
மனசால குதிக்காம கிணத்துல எப்படி சார்?
நாப்பதடி.
விஷக்காத்து இருக்கான்னு முதல்ல விளக்கை இறக்கிப் பார்ப்போம்.
இடுப்புல கயிறு.
மேல நாலு பேரு பிடிச்சிருப்பாங்க.
இந்த இங்கிலீஷ்ல
கயிறு எங்க சார் வரும்?

பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.
மூன்று சொல், சாக்பீஸ் தூள்.
ஏழு வருஷம் ஓர் ஆராய்ச்சிக்குள்
என்னைத் தூக்கி எறிந்தவன் நான்.
மேலே யாரும் பிடித்திருக்கவில்லை.
அதை வகுப்பில் சொல்ல முடியுமா?
அடுத்த வகுப்பில் பார்க்கலாம் என்றேன்.
வாத்தியார் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று
பதினோரு பேருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை அவர் வரவில்லை.
ஏழு மணிக்குக் கீழே சைரன் போனது,
புதுவயல் பக்கமாக.
மெய்யம்மை ஜன்னலுக்கு ஓடினாள்.
செவ்வாயன்று அவர் விட்டுப்போன நோட்டு
பெஞ்சிலேயே கிடந்தது.
ஐந்து வாக்கியம் கேட்டிருந்தேன்.
ஒன்றுதான் இருந்தது, அதே கிணறு.
இன், டு இரண்டுக்கும் நடுவில்
ஒரு விரல் இடம் விட்டிருந்தார்.

சேர்த்து எழுத வேண்டும்.
சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டு
அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மாடு என்ன ஆனது என்று
நான் கேட்கவே இல்லை.