ஏழு மைக்ரான்

கத்திரி வெயிலின் ஒன்பதாம் நாள்.
தோட்டப்பாளையம் ஜூஸ் கடையில்
மூன்று கிலோ ஐஸ் கட்டி கேட்டேன்.
"வீட்ல விசேஷமா மேடம்?"
"இல்லைங்க, ஸ்கேன் மெஷினுக்கு."
கடைக்காரர் சிரிக்கவில்லை.
மரத்தூளை உதறி, சாக்கில் சுற்றிக் கொடுத்தார்.

உருகும் பனியில் வைத்த தண்ணீர்
எவ்வளவு அலையும் என்பது தெரிந்த கணக்கு.
அதை எங்கள் காந்தம் பிசகாமல் சொல்லட்டும்,
பிறகு மனிதர்களைப் பற்றிப் பேசலாம்.

இரவு பத்தரைக்கு மேல்தான் ஆய்வுக்கு நேரம்.
பகலெல்லாம் அது
காட்பாடியில் வந்து இறங்கும் ரயில்களுக்குச் சொந்தம்.

இன்று இத்ரீஸ் பாய், பேரணாம்பட்டு.
முப்பது வருடம் தோல் பதனிட்ட கை
ஒப்புதல் படிவத்தில் நிதானமாகக் கையெழுத்திட்டது.
"உள்ள என்னத்தப் பாப்பீங்க?"
"தண்ணியத்தான் பாய். எவ்ளோ தூரம் நடக்குதுன்னு."
"பாலாத்துல இல்லாத தண்ணி
எங்கிட்ட இருக்குதா?"
ஞானசௌந்தரி சிரித்ததில்
காதடைப்பான் கை நழுவி விழுந்தது.

அசையாதீங்க என்றோம்,
அசைவதை மட்டுமே அளக்க வந்த நாங்கள்.

நல்ல திசுவில் தண்ணீர்
கோட்டை அகழியோரம் மாலையில் நடப்பவர்களைப் போல,
கால் போன போக்கு.
புற்றில்
தீபாவளிக்கு முந்தின நாள் லாங்கு பஜார்.
தோளைத் திருப்ப இடமில்லை.
நேரத்தைக் குறுக்கினால்
சுவரை முட்டுமுன் அதைப் பிடித்துவிடலாம்.
நீட்டினால், முட்டித் திரும்பியதைப் பிடிக்கலாம்.
இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்
ஒளிந்திருக்கிறது ஒரு செல்லின் அகலம்.
மூன்று வருடமாக
அந்த வித்தியாசத்தோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

சமன்பாடு ஏழு மைக்ரான் என்றது.
ஊசியில் எடுத்த துணுக்கைக்
கண்ணாடிச் சில்லில் பார்த்த டாக்டர் எப்சிபா
பதினொன்று என்று எழுதி அனுப்பினார்.
கீழே பென்சிலில்:
"மெழுகில் சுருங்கிய பிறகே இவ்வளவு."

நான்கு மைக்ரான்.
ஒரு சிலந்தி இழையின் தடிமனுக்குப் பொய்.
எங்கே? இரைச்சலிலா,
சுவர் கசியாது என்று
நானாக எழுதிக்கொண்ட இரண்டாம் வரியிலா?

வியாழக்கிழமை பாய் போன் செய்தார்.
மருந்து ஆரம்பித்திருக்கிறார்களாம், வாய் கசக்கிறதாம்.
வைக்கும் முன் கேட்டார்:
"தண்ணி நடந்துச்சாம்மா?"
"நடந்துச்சு பாய்.
எனக்குத்தான் எண்ணத் தெரியல."
"அதுக்கென்ன, மறுபடி வர்றேன்" என்றார்,
ஏதோ என்னைத் தேற்றுவது போல.

சனிக்கிழமைக்கு ஐஸ் சொல்லிவைத்திருக்கிறேன்.
இந்த முறை சமன்பாட்டில்
சுவருக்கு ஓர் ஓட்டை போட்டுப் பார்க்க வேண்டும்.