ஒன்பதாம் கட்டம்

நாகர்கோவில் சட்டப்பணிகள் அலுவலகம்.
படிவத்தில் ஒன்பதாம் கட்டம்:
இழப்பு, ரூபாயில்.

வெளுக்கும் முன்னே முந்நூறு ரப்பர் வெட்டுவேன்
என்றேன்.
ஜெனோபா எழுதிக்கொண்டாள்.
பெருவிரல் இல்லாமல் பால்கத்தி நிற்காது
என்றேன்.
அதற்குக் கட்டம் இல்லை,
ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.

கூலி கேட்டதுக்கு வெட்டினவன்
ஜாமீனில் வந்து
குலசேகரம் சந்தையில் மரச்சீனி வாங்குகிறான்.
நான் மீன்கடை வழியே சுற்றிப் போகிறேன்.
கேஸ் முடியாமல் பணம் கேக்கலாமா?
"கேக்கலாம் அக்கா.
அவனுக்க காசு இல்ல, சர்க்கார் காசாக்கும்.
கெஞ்சாண்டாம்."

பதினாலு மாசம், மூணு மழை.
வந்தது.
பாதியை எடுக்க முடியாதபடி
வைப்பில் போட்டிருந்தார்கள்.

வங்கிப் பெண் பழைய அட்டையைப் பார்த்தாள்.
அதில் வால் நீண்டு சாய்ந்த தங்கபுஷ்பம்;
சீட்டில் என் இடக்கைக் கிறுக்கல்.
"ஒத்து வரல்லியே. ரேகை வையுங்க.
பெண்களுக்கு வலது பெருவிரல்."
மைப்பெட்டியைத் தள்ளினாள், நிமிராமல்.

வலது கையை
கண்ணாடிக்கு அடியில் நீட்டினேன்.

அப்புறம் புது அட்டை.
மூணு தடவை போடச் சொன்னாள்.
மூணும் மூணு மாதிரி.
நடுவில் உள்ளது பரவாயில்லை என்று
அதை மட்டும் ஸ்கேன் பண்ணினாள்.